ஆபுத்திரனும் அமுதாவும்

தத்துப்பிள்ளை தமிழ்க் கதைகளில் அடிக்கடி வருபவன். சொத்துத் தகராறு ஒன்றைத் தொடங்கி வைக்கவோ, கடைசிக் காட்சியில் பெற்றவள் அடையாளம் கண்டு கதறவோ அவன் கதாசிரியருக்குத் தேவைப்படுகிறான். அவன் இரவில் எப்படி உறங்கினான், எதைக் கண்டு அஞ்சினான், சோறூட்டியவள் மீதே ஏன் சினந்தான் என்பன அக்கதைகளுக்கு வேண்டாதவை. இவற்றை எண்ணிப் பார்த்த படைப்புகள் சிலவே. அவற்றுள் இரண்டினை அருகருகே வைத்து நோக்க விழைகிறோம். ஒன்று, சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் வரலாறு. மற்றது, 2002ஆம் ஆண்டு மணிரத்னம் இயக்கத்தில், சுஜாதாவின் உரையாடலுடன் வெளிவந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' திரைப்படம். இரண்டுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு. ஆயினும் இரண்டும் கேட்கும் கேள்வி ஒன்றே. 'நீ இவ்வீட்டில் பிறந்தவன் அல்லன்' என்ற செய்தி ஒரு பிள்ளையின் மீது வந்து விழும்போது, வளர்த்தவர் என்ன செய்கிறார்?

இக்கேள்வியை மீண்டும் எடுக்க நம்மைத் தூண்டியது நம் கடற்கரையின் நிலையே. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலையில் கோவளம் முதல் கல்பாக்கம் வரையுள்ள குப்பங்களில் கடல் புகுந்தது. தெற்கே நாகப்பட்டினத்தில் நேர்ந்த இழப்பு இதனினும் பன்மடங்கு. தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளைத் தத்தெடுக்க விரும்பிப் பலர் வந்தனர். அரசு உடனடித் தத்துக்கு இடமளிக்கவில்லை. நாகை, கடலூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் காப்பகங்களைத் திறந்தது. அம்முடிவை அன்று குறை கூறியவர்கள் உண்டு. நாம் அதனைச் சரியென்றே கருதுகிறோம். மாமனோ சிற்றன்னையோ உயிரோடிருக்கின்றனரா என்று அறியுமுன், அலறல் அடங்காத பிள்ளையை அறியாத ஊருக்கு அனுப்புவது அதன் மீது இரண்டாவது அலையை ஏவுவதாகும்.

பின்னர் 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாப் பெருந்தொற்று வந்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளின் பெயரில் 5 இலட்சம் ரூபாய் வைப்புத்தொகை இடப்படும் என 2021 மே மாதம் தமிழக அரசு அறிவித்தது. நல்ல செயல். ஆனால் வைப்புத்தொகை கைக்கு வருவது பதினெட்டு வயதில். இரவு இரண்டு மணிக்கு அலறி எழும் பிள்ளையின் அருகே படுத்திருப்பவள் பாட்டி. அல்லது பெரியம்மா, சித்தி, அத்தை. நம் நாட்டில் வளர்ப்புப் பெற்றோர் என்றால் பெரும்பாலும் இவர்களே. நீதிமன்ற ஆணையோ தத்துப் பத்திரமோ இவர்கள் கையில் இராது. 'வந்தது வந்துவிட்டது, வளர்க்கிறேன்' என்பதே இவர்கள் எழுதிக்கொண்ட பத்திரம். இவர்களை மனத்திற்கொண்டே இவ்விரு படைப்புகளையும் அணுகுகிறோம்.

ஆபுத்திரன் வரலாற்றை மணிமேகலைக்குச் சொல்பவர் அறவண அடிகள். வாரணாசியைச் சேர்ந்த சாலி என்னும் பார்ப்பனி, கணவனுக்குப் பிழை செய்து, அஞ்சிக் குமரிக்கு யாத்திரையாக வருகிறாள். வழியில் பிறந்த ஆண்மகவைக் கண்காணாத ஒரு தோட்டத்தில் இட்டுச் செல்கிறாள். பசு ஒன்று வந்து, ஏழு நாள் அதன் அருகிலேயே நின்று, நாவால் நக்கிப் பாலூட்டிக் காக்கிறது. வயனங்கோட்டைச் சேர்ந்த இளம்பூதி என்னும் அந்தணன் மனைவியோடு அவ்வழியே வந்தவன், குழந்தையின் குரல் கேட்டு நெகிழ்ந்து, இவன் பசுவின் மகன் அல்லன், என் மகன் என்று சொல்லி எடுத்துக்கொள்கிறான். மனைவியும் அவனும் கைதொழுது மகிழ்கின்றனர். பூணூல் அணியும் பருவத்துக்கு முன்பே பிள்ளைக்கு நூல்களைக் கற்பிக்கிறான். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிள்ளை வளர்ந்தபின் ஒருநாள், வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசுவை இரவில் அவிழ்த்துக்கொண்டு போகிறான். பிடிபட்டு அடிபடுகிறான். ஊரார் அவனைப் பசுவின் மகன் என்று இகழ்கின்றனர். அவனோ அழவில்லை, விலங்குகளிடம் பிறந்த முனிவர்களின் பட்டியலை எடுத்து ஓதி வாதிடுகிறான். அங்கிருந்த ஒருவன் சாலியின் கதையை எல்லார் முன்னும் உடைக்கிறான். அப்போதும் அவன் அழவில்லை, சிரிக்கிறான். வசிட்டனும் அகத்தியனும் யாருக்குப் பிறந்தவர்கள் என்று திருப்பிக் கேட்கிறான். உரையாசிரியர்கள் இங்கே அவனுடைய கல்வியை வியப்பர். நமக்கோ இவ்விடத்தில் நெஞ்சு கனக்கிறது. தன் பிறப்பைப் பற்றிய செய்தியை முதன்முறை ஊர்க்கூட்டத்தின் நடுவே, பகைவன் வாயால் கேட்கும் பிள்ளை அழுதிருக்க வேண்டும். அழ முடியாத பிள்ளை வாதம் செய்கிறது. பெரியவர்கள் அதனைத் 'திமிர்' என்கின்றனர். சாத்தனார் அச்சிரிப்பை மட்டும் காட்டி, விளக்கம் எதுவும் சொல்லாது நகர்கிறார். அவருடைய திறம் அதுவே.

பூதி என்ன செய்தான்? வீட்டைவிட்டு விரட்டினான். தன் மகன் என்று எடுத்தவன், மகனுக்கு ஒரு முன்கதை உண்டு என்று தெரிந்தவுடன் கதவைச் சாத்தினான். சாலி விட்டுச் சென்றதைக் காட்டிலும் இதுவே பெரிய கைவிடல் என்பது நம் துணிபு. அவள் விட்டபோது பிள்ளைக்கு நினைவில்லை, பசுவும் வந்தது. இவன் விட்டபோது பிள்ளைக்கு எல்லாம் தெரியும். எந்தப் பசுவும் வரவில்லை. அடுத்த ஊர்களிலும் பசுக்கள்வன் என்று சொல்லி அவனுடைய பிச்சைப் பாத்திரத்தில் கல்லை இட்டனர் என்கிறது காப்பியம்.

இதனைப் பழங்கதை என்று தள்ளிவிட இயலாது. முறைப்படி தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் திருப்பி ஒப்படைக்கப்படுவது இன்றும் நிகழ்கிறது. பொய் சொல்கிறான், திருடுகிறான், ஒட்டவே மாட்டேன் என்கிறான் என்பனவே காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. 'யார் பெற்றதோ' என்ற முணுமுணுப்பு ஒரு வீட்டில் எழுந்துவிட்டால், அங்கே பூதி வந்து குடியேறிவிட்டான் என்று பொருள்.

வெளியேறிய ஆபுத்திரன் மதுரைக்கு வந்து, சிந்தாதேவியின் கோயில் முன்றிலில் தங்குகிறான். பகலெல்லாம் பிச்சையெடுத்து, பார்வையற்றோர், செவிகேளாதோர், நடக்கமாட்டாதோர், காப்பார் இல்லாதோர் யாவரையும் கூவி அழைத்து ஊட்டுகிறான். எஞ்சியதைத் தான் உண்டு, பிச்சையோட்டையே தலைக்கு அணையாக வைத்துப் படுக்கிறான். பசித்திருந்த பிள்ளைகளை வளர்த்தவர்கள் இவ்விடத்தைக் கண்டவுடன் அடையாளம் கண்டுகொள்வர். வயிறார உண்ட பின்னும் ரொட்டித் துண்டைத் தலையணைக்கடியில் ஒளித்துவைக்கும் பிள்ளையை அவர்கள் அறிவர். அது திருட்டன்று, நாளைக்கும் சோறு உண்டு என்பதை அப்பிள்ளையின் உடம்பு இன்னும் நம்பவில்லை. அதட்டினால் ஒளித்துவைக்கும் இடந்தான் மாறும். கண்ணெதிரே ஒரு டப்பாவில் முறுக்கோ பிஸ்கட்டோ எப்போதும் இருக்குமாறு வைத்து, கேளாமலே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டால், வாரங்களோ மாதங்களோ கழித்து ஒளித்துவைப்பது தானே குறையும். பாத்திரத்தைத் தலைக்கு வைத்து உறங்கியவனின் கைக்குத்தான் பின்னர் வற்றாத அமுதசுரபி வருகிறது. இதனைச் சாத்தனார் தற்செயலாக எழுதியிருப்பார் என்று நாம் எண்ணவில்லை.

பசு நாவால் நக்கும் காட்சியைக் கல்லில் காண விரும்புவோர் மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்துக்குச் செல்லலாம். மண்டபம் பிற்காலத்தது, உள்ளிருக்கும் கோவர்த்தனப் புடைப்புச் சிற்பமோ பல்லவர் பணி. அங்கே பால் கறக்கப்படும் பசு தன் கன்றை நக்கிக்கொண்டே நிற்கிறது. மலையைத் தாங்கி நிற்பவனும் வளர்ப்புப் பிள்ளையே. யசோதையின் மகிழ்ச்சியைப் பெரியாழ்வார் பாடினார். வளர்க்கும் பேறு கிட்டாத தேவகியின் புலம்பலைக் குலசேகரர் தம் பெருமாள் திருமொழியில் தனியே ஒரு பதிகமாகப் பாடினார். பெற்றவளுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று நம் மொழி அன்றே அறிந்திருந்தது. சாத்தனார் இதில் பின்தங்குகிறார். அவருடைய சாலி பேசுவதில்லை. பூதியின் மனைவி கைதொழுததோடு சரி. மகன் விரட்டப்பட்ட இரவில் அவள் என்ன செய்தாள் என்று காப்பியம் கேட்கவே இல்லை. இது சிறு குறையன்று.

திரைப்படம் இக்குறையை நிறைவு செய்கிறது. ஈழத்திலிருந்து போருக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த ஷியாமா, இராமேசுவரத்தில் ஒரு பெண்குழந்தையைப் பெற்று, விட்டுவிட்டுத் திரும்பிச் செல்கிறாள். ஈழத்தமிழர் என்றாலே இங்கிருந்த சிறப்பு முகாமை நினைக்கும் செங்கல்பட்டு மக்களுக்கு, அகதியாய் வந்தவள் ஒரு தாயும் ஆவாள் என்று காட்டியதே பெரிது. அக்குழந்தையை வளர்ப்பதற்காகவே திருச்செல்வனும் இந்திராவும் மணந்துகொள்கின்றனர். குழந்தையின் பெயர் அமுதா. ஒன்பதாம் பிறந்தநாளில், நீ நாங்கள் பெற்ற பிள்ளை அல்ல என்று அவளிடம் சொல்கின்றனர்.

உண்மையைச் சொன்னது சரியே. சொன்ன முறையைத்தான் ஆராய வேண்டும். ஒன்பதாண்டு மூடிவைத்த உண்மை ஒரே நாளில் திறக்கும்போது வெடிமருந்தாகிவிடுகிறது. தத்து என்ற சொல்லைப் பிள்ளை சோறூட்டும் கதைகளோடு சேர்த்தே கேட்டு வளரவேண்டும். 'உன்னை நாங்கள் எப்படிக் கண்டோம் தெரியுமா' என்ற கதை, நிலாவைக் காட்டிச் சொல்லும் கதைகளுள் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதே இத்துறையில் உழைப்போர் இன்று கூறும் அறிவுரை. இப்படத்தின் நேர்மை எதில் உள்ளதெனில், சொன்னதன் விளைவை அது மறைக்கவில்லை. துடுக்கான அச்சிறுமி சுருங்குகிறாள், வளர்த்தவளை வெறுப்பவள் போல் நடக்கிறாள், வீட்டைவிட்டு ஓடுகிறாள். தேசிய விருது பெற்ற சிறுமி கீர்த்தனாவின் நடிப்பை எல்லாரும் புகழ்ந்தனர். சிம்ரனின் இந்திராவை அதற்கு இணையாக வைக்கவேண்டும் என்போம். குத்துப்பட்டும் நகராமல் நிற்கும் தாய் அவள். பூதிக்கு எதிர்முனை இவளே.

பிள்ளை ஏன் வளர்த்தவளையே குத்துகிறது? ஆங்கிலேயக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் 1949இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. இரண்டாம் உலகப்போரின்போது குண்டுவீச்சுக்கு அஞ்சி ஊர் கடத்தப்பட்ட பிள்ளைகளின் விடுதி ஒன்றிலிருந்து, ஓடிப்போவதையே வழக்கமாகக் கொண்ட ஒன்பது வயதுச் சிறுவனை அவரும் மனைவியும் மூன்று மாதம் வீட்டில் வைத்துப் பார்த்தனர். அமுதாவின் வயதுதான். பையன் முதலில் ஓடினான். ஓடுவதை விட்டபின் வீட்டுக்குள்ளேயே தாக்கத் தொடங்கினான். வினிகாட் கண்டது இது. கைவிடப்பட்ட பிள்ளை, புது வீட்டில் நம்பிக்கை துளிர்க்கும்போதுதான் அவ்வீட்டைச் சோதிக்கத் தொடங்குகிறது. தன் வெறுப்பை இவர்கள் தாங்குவார்களா என்று பார்த்த பின்னரே அன்பை நம்பும். எனவே, வந்த புதிதில் அடங்கியிருந்த பிள்ளை ஆறு மாதம் கழித்துத் தட்டை வீசினால், வளர்ப்பு தோற்றது என்று கொள்ளலாகாது. பெரும்பாலும் அது வேர்விடும் காலம்.

இதற்கு நேர் எதிரான ஒன்றை நம் ஊர்ப் பேச்சு கற்பிக்கிறது. 'ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்கிறோம். பழமொழி நல்லெண்ணத்தில் பிறந்ததே. ஆயினும் ஊன்றிப் பார்த்தால், ஊரான் பிள்ளை அங்கே ஊரான் பிள்ளையாகவே நிற்கிறது. பலன் தன் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது. நன்றிக் கணக்கு என்ற ஒன்று இத்தகைய வீடுகளில் எப்போதும் திறந்தே கிடக்கிறது. இறந்த தாயின் புடவையைக் கேட்கும் சிறுமியை நன்றி கெட்டவள் என்று சொன்ன வீடுகள் உண்டு. விவிலியம் இவ்வாறு பேசவில்லை. பார்வோனின் மகள் வளர்த்த மோசே பெரியவனானதும் தன் இனத்தார் படும் துன்பத்தைக் காணச் செல்கிறார். விடுதலைப் பயண நூல் அவரை நன்றி கெட்டவர் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை.

சட்டமும் இதில் ஓரளவு பங்கு கொண்டது. 1956ஆம் ஆண்டின் தத்துச் சட்டம் இந்துக்களுக்கு உரியது. கிறிஸ்தவத் தம்பதியர் நெடுங்காலம் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாவலராக மட்டுமே ஆக முடிந்தது. பிள்ளை உரிய வயதை எட்டியதும் அவ்வுறவு சட்டத்தின் கண்ணில் முடிந்துவிடும். 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதன் 2006ஆம் ஆண்டுத் திருத்தமுமே எல்லாச் சமயத்தாரும் முழுமையான பெற்றோராக வழி திறந்தன. 2015ஆம் ஆண்டுச் சட்டம் அதனை உறுதிசெய்து, தத்துக்கு வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்கு வளர்ப்புப் பராமரிப்பு என்ற ஏற்பாட்டையும் விரித்துரைத்தது. 2022 முதல் தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். ஆணை கிடைத்த நாளில் மகிழலாம். ஆனால் பிள்ளை ஆணையைப் படிப்பதில்லை.

திரைப்படத்தின் பெருங்குறைக்கு வருவோம். பெற்ற தாயைக் காணவேண்டும் என்ற பிள்ளையின் ஏக்கத்தை மதித்து, பெற்றோர் அவளைப் போர் நடக்கும் நாட்டுக்கே அழைத்துச் செல்கின்றனர். அங்கே தற்கொலைத் தாக்குதலை அவள் கண்ணெதிரே காண்கிறாள். துப்பாக்கிச் சூட்டில் இந்திரா காயமுறுகிறாள். ஒளிப்பதிவு மிக அழகு. ஒருவகையில் அந்த அழகே தடை. புண்ணை ஆற்றச் சென்ற பயணத்தில் ஏற்பட்ட புதிய புண்களைப் படம் வழித்துணைக் காட்சிகளாகக் கடந்துவிடுகிறது. குண்டு வெடித்த இரவில் அமுதா உறங்கினாளா? இயக்குநர் நமக்குக் காட்டவில்லை. இறுதியில் மழையில் தாயும் மகளும் சந்திக்கின்றனர். அமுதா கேள்விகளை எழுதி வைத்திருக்கிறாள். ஷியாமாவால் விடை சொல்ல முடியவில்லை. உடன் வரவும் முடியவில்லை. தமிழ்த் திரையில் இத்துணை உண்மையான காட்சிகள் குறைவு. விடையில்லாக் கேள்வியோடு வாழ ஒரு பிள்ளை கற்க முடியும், அருகில் ஒருவர் இருந்தால். ஆனால் உடனே முத்தம், மழை, படம் முடிந்தது. வளர்ப்பவர்களுக்கு வேலை அதன்பின்தான் தொடங்குகிறது. சென்னை திரும்பிய பின் வரும் திங்கட்கிழமை காலை, பள்ளிச் சீருடை, திடீர்க் காய்ச்சல், பட்டாசு வெடித்தால் கட்டிலுக்கடியில் ஒளிதல்.

சாத்தனார் இங்கே திரைப்படத்தை விஞ்சுகிறார். மணிபல்லவத்தில் கப்பலால் மறந்து விடப்பட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த ஆபுத்திரன், சாவக நாட்டில் மறுபடி பசுவிடம் பிறந்து, பிள்ளையில்லாத பூமிசந்திரனால் வளர்க்கப்பட்டு, புண்ணியராசன் என்னும் அரசனாகிறான். மறுபிறப்புக் கொள்கை நமக்கு உடன்பாடன்று. கதையின் உள்ளுண்மையை ஏற்க அது தடையாகாது. மணிமேகலை வந்து கடந்தகாலத்தை உணர்த்துகிறாள். வளர்த்த தாய் அமரசுந்தரியிடம் சென்று கேட்டு, தான் அவள் வயிற்றுப் பிள்ளை அல்லன் என்பதையும் அறிகிறான். அரசே வேண்டாம் என்று கிளம்புகிறான். அமைச்சன் சனமித்திரன் ஒரு மாதம் பொறுக்கச் சொல்கிறான். 'மறந்துவிடு' என்றோ 'இப்போதே போ' என்றோ சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பின் அரசன் மணிபல்லவம் சென்று, புன்னை மரத்தடியில் மணலைத் தோண்டித் தன் பழைய உடம்பின் எலும்புகளையே காண்கிறான், கலங்குகிறான். மணிமேகலை அருகிலேயே நிற்கிறாள். ஊர் மக்களுக்கு உணவும் உடையும் உறைவிடமும் தருவதே அறம் என்று சொல்லி, அவனுடைய நாட்டுக்கே திருப்பியனுப்புகிறாள். வயனங்கோட்டில் பிறப்புச் செய்தி கல்லாக எறியப்பட்டது. மணிபல்லவத்தில் அதே செய்தி ஒரு துணையோடு தோண்டி எடுக்கப்பட்டது. முன்னதில் பிள்ளை வீட்டை இழந்தான்; பின்னதில் வீட்டுக்குத் திரும்பினான்.

அருகில் நிற்பது என்பது ஆண்டுக்கணக்கில் நடப்பது. ஆழிப்பேரலைக்குப் பின் நாகை ஆட்சியராக இருந்த ஜெ. இராதாகிருஷ்ணன், அன்னை சத்யா அரசுக் காப்பகத்துப் பிள்ளைகளைப் பணி மாறிய பின்னும் மனைவியோடு சென்று பார்த்து வந்தார். 2022இல் அவர்களுள் ஒரு பெண்ணின் திருமணத்தை முன்னின்று நடத்தினார். செய்தித்தாள்கள் திருமணப் படத்தை வெளியிட்டன. நம்மைக் கவர்ந்தது, இடையே கழிந்த பதினேழு ஆண்டுகள்.

2004இல் பத்து வயதாயிருந்த பிள்ளைகள் இன்று முப்பதைக் கடந்தவர்கள். நம் குப்பங்களில் படகோட்டுகிறார்கள், மீன் விற்கிறார்கள், பழைய மாமல்லபுரச் சாலையில் கணினி நிறுவனங்களுக்குப் பேருந்தேறிச் செல்கிறார்கள். வளர்த்த பாட்டிகளுள் பலர் போய்விட்டனர். சாத்தனார் கேளாமல் விட்ட பூதியின் மனைவியின் கதையும், மணிரத்னம் காட்டாமல் விட்ட திங்கட்கிழமையும் இவர்களுக்குத் தெரியும். இவர்களுள் எவரேனும் நோட்டுப் புத்தகத்தில் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தால், எழுத்துப்பிழை பாராமல் நமக்கு அனுப்பி வைக்கட்டும்.